குறட்டைத் தலையணைக் கம்பெனி

ஜனவரி 9

மகா கனம் பொருந்திய நிறுவனர், தலைமை நிர்வாகி, என் அக்கா பெற்ற அதிசயம், சின்ன வயதில் தொட்டதற்கெல்லாம் முணுக்கென்று அழுததால் என்னால் முணுக்கு என்று பெயர் சூட்டப்பட்ட மருமகளுக்கு, மாமா எழுதிக்கொள்வது.

தங்கள் பெட்டி வந்து சேர்ந்தது. கூரியர்காரர் அதை வாசலில் வைத்துவிட்டு நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். "சார், உள்ள ஏதோ மூச்சு விடுது. கையெழுத்தை நீங்களே போட்டு அங்கேயே வையுங்க, நான் அப்புறமா எடுத்துக்கறேன்" என்றார். திறந்தால் தலையணை. வழியில் யாரோ அதன் பொத்தானை அமுக்கிவிட்டிருக்கிறார்கள். லாரியின் சத்தத்தைக் குறட்டை என்று நம்பி, அது வழி நெடுக உப்பி உப்பி அடங்கிக்கொண்டே வந்திருக்கிறது. கடமை தவறாத தலையணை.

நீ வைத்திருந்த குறிப்பைப் படித்தேன். தலையணைக்குள் ஒரு காது இருக்கிறது. குறட்டை கேட்டதும் ஒரு குட்டி மோட்டார் உறுமும், காற்று நிரம்பும், என் தலை மெல்ல உயரும், தொண்டை திறக்கும், குறட்டை நிற்கும். நடந்ததையெல்லாம் நகத்தளவு அட்டை ஒன்று பதிந்துகொள்ளும். அதை எடுத்து உனக்கு அனுப்ப வேண்டும். சரி, கூடவே கடிதமும் வைக்கிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ குறுக்கே பேசுகிறாய். காகிதத்துக்கு அந்தக் கெட்ட பழக்கம் கிடையாது.

உலகத்தில் இத்தனை மூக்குகள் இருக்க, சோதனைக்கு என் மூக்கைத் தேர்ந்தெடுத்த உன் அறிவை மெச்சுகிறேன். ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லிச் சொல்லி உரமேறிய தொண்டை இது. போன மாதம் அங்கே ஓய்வறையில் சற்றே கண்ணயர்ந்தேன். நடைமேடையில் நின்ற மொத்தக் கூட்டமும் வண்டி வருகிறது என்று மூட்டை முடிச்சைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டது.

அப்படிப்பட்ட குறட்டை உன் தலையணையிடம் மண்டியிட்டது. சாட்சி, உன் அத்தை. காலையில் காபியை வைத்துவிட்டு, "நல்லா வேலை செய்யுது. அவ மூளையே மூளை" என்றாள். நான் தாலி கட்டிய நாளிலிருந்து இந்த வீட்டில் எந்த மூளையும் பாராட்டப்பட்டதில்லை. குறித்துக்கொள்.

இப்படிக்கு,
உன் ஆஸ்தான குறட்டையாளர்,
மாமா


ஜனவரி 20

அன்புள்ள மாமா,

அட்டை கிடைத்தது. கணினியில் போட்டுப் பார்த்தோம். தலையணை உறுமிய ஒவ்வொரு முறையும் குறட்டைக் கோடு அப்படியே கீழே விழுகிறது. கம்பிக்கு நம்பிக்கையே வரவில்லை. (என் கூட்டாளியைத்தான் சொல்கிறேன். மோட்டார், மின்சார வேலையெல்லாம் அவன் பொறுப்பு. ஆளும் கம்பி மாதிரிதான் இருப்பான்.) மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு, நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினான். கீழ்வீட்டுத் தையல்காரர் வந்து என்ன ஆச்சு என்று கேட்டார்.

உங்களுக்கு இன்னொரு விஷயம். வேலையை விட்டுவிட்டேன். அம்மாவிடம் நேற்றுதான் சொன்னேன். அதிலிருந்து அம்மா என்னிடம் பேசவில்லை. அலுவலகத்தில் எங்கள் மேலதிகாரி நல்லவர். "மார்ச் முடியற வரைக்கும் உன் நாற்காலியை யாருக்கும் தர மாட்டேன். அதுக்குள்ள உன் பைத்தியம் தெளிஞ்சா வந்துடு" என்றார்.

தெளியாது என்றுதான் நினைக்கிறேன். லாரி ஓட்டுநர்கள் தங்கும் ஓய்வு விடுதி ஒன்றில் சோதனைக்குச் சம்மதித்திருக்கிறார்கள். ஒரே கூடத்தில் வரிசையாகப் படுக்கைகள். தூக்கம் கெட்டவர்கள் மறுநாள் லாரி ஓட்டுகிறார்கள், மாமா. அங்கே இது வேலை செய்தால் விடுதி மேலாளர் எல்லாப் படுக்கைக்கும் வாங்கிக்கொள்வார். கம்பெனி நின்றுவிடும்.

தலையணையில் ஏதாவது குறை இருந்தால் எழுதுங்கள். அலங்காரம் வேண்டாம். என்ன நடந்தது என்று மட்டும்.

முணுக்கு


ஜனவரி 29

தொழில் உலகின் விடிவெள்ளிக்கு,

குறை கேட்டிருந்தாய். நிலவில் கறை உண்டு, உன் தலையணையில் இல்லை. நான் தூங்கும் தூக்கத்தைப் பார்த்து இந்தத் தெருவில் கைக்குழந்தைகள் பொறாமைப்படுகின்றன.

உன் அம்மா எனக்குப் போன் செய்தாள். அக்கா பேசினாள் என்று சொல்வது மரியாதைக்காக. ஹலோ சொல்லவும் இடம் கிடைக்கவில்லை.

"உன் பேச்சைக் கேட்டுத்தான் அவ ஆடுறா. மாமா சொன்னாரு, மாமா தூங்கினாருன்னு. நீ தூங்கறதுக்கு என் பொண்ணு வேலையை விடணுமா?"

"அக்கா, அது விஞ்ஞானம்."

"விஞ்ஞானமா? பத்தாவதுல நீ அதுல எவ்வளவு வாங்கினன்னு எனக்குத் தெரியாதா?"

ரிசீவரைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நான் பெரும் மாவீரனைப் போல நின்றேன். உனக்காக இன்னும் பத்து அக்காக்களைத் தாங்குவேன். கவலைப்படாதே. விடுதிக்குப் போ. வென்று வா. கம்பெனி வாசலில் என் மூக்குக்கு ஒரு சிலை வைத்தால் போதும். பளிங்கில் வேண்டாம், கிரானைட்டில் வை, மழை வெயில் தாங்கும்.

மாமா


பிப்ரவரி 16

மாமா,

விடுதியில் எல்லாம் தோற்றுப் போனது.

தலையணைகள் உயர்ந்தன. தலைகளும் உயர்ந்தன. கூடவே குறட்டையும் உயர்ந்தது. ஒரே ஒரு ஆளுக்குக்கூட நிற்கவில்லை. வயதான ஓட்டுநர் ஒருவர் அதைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிந்துவிட்டு, கையை மடக்கித் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டார். மேலாளர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பரவாயில்லம்மா, சின்னப் புள்ளைங்க ஏதோ முயற்சி பண்றீங்க" என்றார். அதற்குப் பிறகு எப்படி அறைக்கு வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை.

கம்பி வேறு வேலை தேடுகிறான். என்னிடம் சொல்லவில்லை. அவன் சட்டையை இஸ்திரி போடும்போதே தெரிகிறது.

வந்ததும் உங்கள் அட்டைகளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அத்தனையிலும் கோடு ஒழுங்காக விழுகிறது. அங்கே ஒருவருக்கும் விழாத கோடு உங்களுக்கு மட்டும் எப்படி விழுந்தது? எனக்கு ஒரே ஒரு பதில்தான் தோன்றுகிறது. கேரம் விளையாடும்போது நான் அழுவேன் என்று சிவப்புக் காயை விட்டுக்கொடுப்பீர்களே, அதுபோல விழித்துக்கொண்டே படுத்திருந்தீர்களா? தலையணை உறுமியதும் குறட்டையை நிறுத்திக் காட்டினீர்களா?

உங்கள் கடிதங்களில் ஒரு வரியாவது அளவோடு இருந்திருந்தால் இதைக் கேட்டிருக்க மாட்டேன். எது நிஜம் எது ஜோடனை என்று உங்களிடம் எப்போதுமே எனக்குத் தெரிந்ததில்லை. இதுவரை அது வேடிக்கையாக இருந்தது.

மார்ச் முடிய அதிக நாள் இல்லை.

முணுக்கு


பிப்ரவரி 22

அன்புள்ள முணுக்கு,

இந்தக் கடிதத்தில் மிகை எதுவும் இல்லை. எழுதிப் பழக்கமில்லாததால் சிரமமாக இருக்கிறது.

நான் நடிக்கவில்லை. கேரமில் விட்டுக்கொடுத்தது உண்மை. இதில் இல்லை. படுத்ததும் தூங்கிவிடுவேன். தூங்கிய பிறகு நடப்பது எதுவும் எனக்குத் தெரியாது. நன்றாக வேலை செய்கிறது என்று நான் எழுதியது அத்தை சொன்னதை வைத்து.

குறைகள் கேட்டிருந்தாய். அப்போது எழுதாதவற்றை இப்போது எழுதுகிறேன்.

காலையில் இடது பக்கம், விலாவிலும் தோளுக்குக் கீழேயும் சில நாள் வலிக்கும். வயதால் இருக்கும். தலையணை மேல் பழி இல்லை.

மோட்டார் உறுமும் சத்தம் அதிகம் என்று அத்தை ஒரு தடவை சொன்னாள். குறைக்கச் சொல்லவா என்று கேட்டதற்கு, வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றாள்.

இன்னொன்று. அத்தை அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்த வாரம் தலையணை வேலை செய்யவில்லை. எனக்கு அதிலும் ஒன்றும் தெரியாது. என் குறட்டை தாங்காமல் இரவெல்லாம் தரையை இடித்ததாக மேல்வீட்டுக்காரர் காலையில் வந்து சொன்னார். அதற்கு முந்தின நாள் அதன் மேல் கொஞ்சம் காபி கொட்டிவிட்டது. நான்தான் கெடுத்துவிட்டேன் என்று பயந்து அந்த வாரத்து அட்டையை அனுப்பாமல் வைத்துக்கொண்டேன். அத்தை திரும்பி வந்ததும் சரியாகிவிட்டது. காபி காய்ந்திருக்கும் என்று நினைத்தேன். அந்த அட்டை இதோடு இருக்கிறது.

வேறு ஒன்றும் இல்லை. அக்காவிடம் நானே பேசவா? வேண்டாம் என்றால் பேசவில்லை.

மாமா


மார்ச் 1

மாமா,

அட்டை வந்தது. பார்த்தேன். அந்த வாரமும் தலையணை ஒழுங்காக உறுமியிருக்கிறது, குறட்டைக் கோடு மட்டும் விழவில்லை. உடனே ஒரு காரியம் செய்யுங்கள்.

தலையணை உறும ஆரம்பித்ததும் அத்தை என்ன செய்வார் என்று கேளுங்கள். நீங்கள் இடையில் ஒரு வார்த்தையும் எடுத்துக்கொடுக்காதீர்கள். அத்தை சொல்வதைச் சொன்னபடியே எழுதி அனுப்புங்கள்.

நாற்காலிக்காக அலுவலகத்திலிருந்து நினைவூட்டி எழுதியிருக்கிறார்கள். அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை.

முணுக்கு


மார்ச் 5

நீதியின் சந்நிதானத்துக்கு,

நான் ஏமாற்றுக்காரன் அல்ல. நான் பாதிக்கப்பட்டவன். இந்த வீட்டில் தூக்கத்தில் வைத்து என்னைத் தாக்கி வந்திருக்கிறார்கள் என்பதை இடி விழுந்த நெஞ்சோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

நீ சொன்னபடி, அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது போய் எதிரில் உட்கார்ந்தேன். எடுத்துக்கொடுக்காமல் கேட்டேன்.

"அந்தத் தலகாணி உறுமினா நீ என்ன பண்ணுவே?"

"என்ன பண்ணுவேன், இடிப்பேன்."

"எதை?"

"உங்களைத்தான். வேற யாரு இருக்கா அங்க? முழங்கையால விலாவுல ஒண்ணு. அதுக்கு அசையலன்னா தோள்ல ஒண்ணு. நீங்க புரண்டு சுவரைப் பாத்துப் படுத்துக்குவீங்க. சத்தம் நின்னுடும். நானும் தூங்கிடுவேன்."

"தினமுமா?"

"அதுக்குத்தானே அந்தப் பொண்ணு பெல் வெச்சு அனுப்பியிருக்கா? முன்னெல்லாம் நீங்க ரொம்ப நேரம் கத்தி என் தலையே வெடிக்கும்போதுதான் முழிப்பு வரும். இப்ப ஆரம்பத்துலயே எழுப்பிடுது. நல்ல மிஷின்."

மருமகளே, நீ செய்தது குறட்டை நிறுத்தும் தலையணை. உன் அத்தை இத்தனை நாளும் அதைத் தன்னை வேலைக்குக் கூப்பிடும் மணி என்று நினைத்திருக்கிறாள். மணி அடித்ததும் எழுந்து கடமையைச் செய்திருக்கிறாள், ஒரு நாள் விடுப்பு எடுக்காமல். தங்கை வீட்டுக்குப் போன வாரத்தைத் தவிர. சத்தத்தைக் குறைக்க வேண்டாம் என்று அவள் சொன்னதன் பெருந்தன்மையும் இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

"இது வரைக்கும் ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"தூங்கற ஆள்கிட்ட என்னத்தைச் சொல்றது?" என்று முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

உன் கம்பெனி பிழைக்குமா பிழைக்காதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் நான் பொய் சொல்லவில்லை என்பது நிரூபணமாகிவிட்டது. அந்த ஒன்றுக்காக இந்த விலா எலும்புகள் அத்தனையையும் கொடுக்கச் சித்தமாக இருக்கிறேன். ஏற்கெனவே பாதி கொடுத்தாகிவிட்டது.

மாமா


மார்ச் 9

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன், அப்புறம் அழுதேன். மன்னித்துவிடுங்கள். உங்களைச் சந்தேகப்பட்டதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. என் கம்பெனிக்கு இதுவரை கிடைத்த ஒரே நல்ல தகவல், அலங்காரமில்லாமல் நீங்கள் எழுதிய அந்தக் கடிதம். இனி எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள், நான் குறை சொல்ல மாட்டேன்.

கடிதத்தைக் கம்பியிடம் கொடுத்தேன். படித்து முடித்துவிட்டு, இஸ்திரி போட்டு மாட்டியிருந்த சட்டையை எடுத்து மடித்துப் பெட்டிக்குள் வைத்தான். "தலையை ஏன் தூக்கிட்டிருக்கோம்? ஆளைப் புரட்டிப் போடணும். நமக்கு வேண்டியது முழங்கை" என்றான்.

தலையணையைக் கைவிட்டோம். இப்போது செய்வது தோளுக்கு அடியில் விரிப்புக்குள் வைக்கும் ஒரு காற்றுப்பை. குறட்டை ஆரம்பித்ததும் ஒரு பக்கம் மட்டும் மெல்ல உப்பும். ஆள் தானாகப் புரண்டு ஒருக்களித்துப் படுப்பார். எவ்வளவு உப்பினால் ஆள் புரள்வார், எவ்வளவு என்றால் விழித்துக்கொள்வார் என்பதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்காக ஒரு விரிப்பு அனுப்புகிறேன். அழுத்தத்தை அளக்கும். அதன் மேல் படுங்கள். அத்தையை வழக்கம்போலவே இடிக்கச் சொல்லுங்கள்.

விடுதி மேலாளரிடம் போய் நின்றேன். எந்தப் படுக்கை யாருக்கு என்று ஓட்டுநர்களுக்குள் நடக்கும் சண்டையைத் தீர்ப்பதே அவருக்குப் பெரிய வேலை. மூலையில் படுக்கும் ஒரு குறட்டைக்காரர் பக்கத்தில் யாருமே படுக்க மாட்டேன் என்கிறார்கள். அந்தச் சலிப்பில், "கடைசியா ஒரு தரம். இந்த மாசத்துக்குள்ள" என்றார். எனக்கும் அதே மாதம்தான்.

முணுக்கு


மார்ச் 20

காற்றை ஆளும் கம்பெனியின் கண்ணியத்துக்குரிய தலைவிக்கு,

விரிப்பில் முதலில் நடந்தது பேரழிவு. அளக்கிறார்கள் என்று தெரிந்ததும் உன் அத்தைக்கு வெட்கம் வந்துவிட்டது. இத்தனை நாளும் ஒரு மல்யுத்த வீராங்கனையைப் போல என்னைப் பந்தாடியவள், விரலால் தொட்டு, "ஏங்க, கொஞ்சம் திரும்பிப் படுங்க" என்றாளாம். நான் அசையவில்லையாம்.

"நல்லா இடி. அந்தப் பொண்ணு பொழப்பு உன் கையில இருக்கு" என்று காலையில் கெஞ்சினேன்.

"கணக்கு எடுக்கறாங்கன்னா எப்படி இடிக்கிறது? கம்பி தம்பி பாத்துட்டு என்னை என்ன நினைக்கும்?"

"வீரம்னு நினைக்கும்."

பலிக்கவில்லை. கடைசியில் விரிப்பை எடுத்து அனுப்பிவிட்டேன் என்று சொல்லி, மெத்தைக்கும் உறைக்கும் நடுவில் ஒளித்து வைத்தேன். மருமகளே, அன்றைக்கு விழுந்தது இடி. நான் கட்டிலிலிருந்து கிளம்பி, மேல்வீட்டுக்குள் போய், வாடகை கேட்டுவிட்டுத் திரும்பி வந்திருப்பேன். அந்தப் பதிவுதான் உங்களுக்கு வந்தது.

இப்போது நீங்கள் அனுப்பிய காற்றுப்பைக்கு வருகிறேன். சோதனை சுத்தமாக நடக்க வேண்டும் என்பதற்காக உன் அத்தை அடுத்த அறைக்குப் போய், கதவைச் சாத்தி, தாழும் போட்டுக்கொண்டாள். கட்டிலில் நான் ஒருவன். முழங்கைகள் என்னுடையவை மட்டும்.

காலையில் கதவு தட்டும் சத்தம் கேட்டு எழுந்தேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். விலாவில் வலி இல்லை. வாசலில் மேல்வீட்டுக்காரர், முகம் வெளிறிப் போயிருந்தது.

"நீங்க நல்லா இருக்கீங்களா? ஒரு சத்தமும் இல்லயேன்னு பயந்துட்டேன்."

அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மனிதர் இன்னும் பயந்துவிட்டார்.

அட்டை உள்ளே இருக்கிறது. இந்தத் தடவை அதில் உன் அத்தையின் கலப்படம் துளியும் இல்லை. விடுதிக்குப் போ. சிலை வேண்டாம், விட்டுவிட்டேன். போய் ஜெயித்தால் போதும்.

மாமா


மார்ச் 31

அன்புள்ள மாமா, அத்தை,

விடுதியில் காலைச் சாப்பாட்டுக்கு மணி அடித்தும் கூடத்திலிருந்து யாரும் வரவில்லை. சமையல்காரர்தான் முதலில் பயந்தார். கரண்டியோடு கூடத்துக்குப் போய் எட்டிப் பார்த்தார். நானும் மேலாளரும் பின்னாலேயே போனோம். பை வைத்த படுக்கைகளில் கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே பக்கம் ஒருக்களித்து, அடுக்கி வைத்தது போலத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மூலைக் குறட்டைக்காரரும்தான். அவருக்குப் பக்கத்துப் படுக்கையில், போன தடவை தலையணையை ஜன்னலில் எறிந்த பெரியவர். சமையல்காரர் ஒவ்வொருவராகத் தட்டி எழுப்பினார்.

எழுந்த பெரியவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "யாரும்மா என்னைத் தள்ளினது? எங்க வீட்டுக்காரம்மாவோன்னு நினைச்சேன்" என்றார்.

எல்லாருக்கும் வேலை செய்ததாகச் சொல்ல முடியாது. ஒரு பருத்த ஆளுக்குப் பை போதவில்லை, அவர் மல்லாந்தபடியேதான் இருந்தார். கதவோரம் படுத்திருந்தவர் புரண்டு கீழே விழுந்து, தரையிலேயே தூக்கத்தைத் தொடர்ந்தார். பெரிய பையும் ஓரத்துக்கு ஒரு தடுப்பும் வேண்டும் என்று கம்பி அங்கேயே உட்கார்ந்து வரைய ஆரம்பித்துவிட்டான்.

மேலாளர் எதையும் லேசில் ஒத்துக்கொள்கிறவர் இல்லை. கூடத்தை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தார். நாங்கள் பைகளைச் சுருட்ட ஆரம்பித்தோம். "அதை ஏன் எடுக்கறீங்க? அது இங்கயே இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. கம்பிக்கு உடனே புரிந்து என் முதுகில் ஓங்கி அறைந்துவிட்டான். மேலாளர், "மத்தப் படுக்கைக்கெல்லாம் எப்ப தருவீங்க?" என்று கேட்டார்.

அங்கிருந்தே அலுவலகத்துக்கு எழுதினேன். மேலதிகாரிக்கு நன்றி சொல்லி, அந்த நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று. அனுப்பும்போது அழுவேன் என்று நினைத்தேன். அழுகை வரவில்லை. அம்மாவுக்குப் போன் செய்தேன். முழுதும் கேட்டுவிட்டு, "சாப்பிட்டியா?" என்றாள். இத்தனை நாளில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

சாப்பிடவில்லை மாமா. ஓட்டுநர்கள் கிளம்பிப் போனதும் கூடம் காலியாக இருந்தது. கொஞ்சம் உட்காரலாம் என்று ஒரு படுக்கையில் உட்கார்ந்தேன். எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வேலையை விட்ட நாளிலிருந்து நான் அப்படித் தூங்கவில்லை. அறைக்கு வந்து இதை எழுதுகிறேன். முடித்ததும் மறுபடி தூங்கப் போகிறேன்.

முணுக்கு


ஏப்ரல் 4

முணுக்கு,

உன் கடிதத்தை அத்தைக்கு நடைமேடைக் குரலில் படித்துக் காட்டினேன். மேல்வீட்டுக்காரர் மாடிப்படியில் நின்று கேட்டுவிட்டுக் கைதட்டினார். அக்காவுக்குப் போன் செய்து அங்கேயும் படித்தேன். அவள் ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை.

பிறகு உன் புகழைப் பாடி ஒரு மகா காவியம் எழுதலாம் என்று ஒரு கட்டுக் காகிதத்தோடு உட்கார்ந்தேன். அத்தை வந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு இப்பதான் நிம்மதியா கண்ணை மூடியிருக்கா. பக்கம் பக்கமா எழுதி எழுப்பாதீங்க."

நீ தூங்கப் போனது நாலு நாளைக்கு முன்னால், இதற்குள் எழுந்து வேலையில் இறங்கியிருப்பாய் என்று எடுத்துச் சொன்னேன்.

"இருந்தா என்ன. இன்னும் கொஞ்சம் தூங்கட்டும்."

ஒரு வரிக்கு மட்டும் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

தூங்கும்மா.

மாமா